அறுபது எம்எம் லென்ஸும் ஆண்டனியின் உலையும்

ஓய்வு பெற்ற பிறகு என் உடம்பைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. லென்ஸைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்காநல்லூர் குளக்கரைக்குப் போனால், தட்டானுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருக்கும் இளைஞர்கள் என்னைக் கண்டதும் எழுந்து வருகிறார்கள். தட்டான் பறந்துவிடுகிறது. அதற்கும் நான்தான் காரணம் என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, மேக்ரோவுக்கு மொதல்ல எந்த லென்ஸ் வாங்கலாம்? லைட்டு எப்படி வெக்கறது?" என்று கேட்கிறார்கள்.

"நூறு எம்எம் வாங்கு கண்ணு. லைட்டெப் பக்கவாட்டுல வெய்யி. குறுக்கெ வெள்ளையா எதையாச்சும் நிறுத்து."

"அவ்வளவுதானுங்களா?"

அவ்வளவுதான். முகம் வாடிவிடுகிறது. அரை மணி நேரமாவது பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள். ஆனால் இந்தச் சின்னப் பதிலைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு தொழிற்சாலையும், ஒரு மேலாளரும், ஓர் உலைக்காரரின் வேலையும் தேவைப்பட்டன. கேட்பவர்களிடம் இனிமேல் இந்தக் கட்டுரையைக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். தட்டான்களுக்காவது நிம்மதி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பூச்சி எடுத்தவன் இல்லை. என் வேலைக்காலம் முழுக்க நான் படம் எடுத்த பொருள் பறக்காது, கடிக்காது, பூவில் உட்காராது. அதன் பெயர் டிராவலர். நூற்பாலையில் நூல் முறுக்கும் இயந்திரத்தில், எஃகு வளையத்தின் மேல் நூலை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடும் ஒரு குட்டிக் கொக்கி. நகம் வெட்டினால் விழும் துண்டு இருக்கிறதல்லவா, அந்த அளவு, அந்த வடிவம். எங்கள் தொழிற்சாலை அதைத்தான் செய்தது. வாங்கிய மில்லில் அது உடைந்தாலோ தேய்ந்தாலோ புகார் வரும். புகார் வந்தால் அதைப் பெரிதாக்கிப் படம் எடுத்துக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் படத்தை எடுப்பவன் நான்.

அதற்கு முன் பல்லடத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே கற்றுக்கொண்டது, சாப்பாட்டுப் பந்தி எப்போது தொடங்கும் என்பதைக் கணிப்பது. மற்றதெல்லாம் ஸ்டுடியோக்காரரே பார்த்துக்கொண்டார். தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து போனேன். தர மேலாளர் வரதராஜ் சார் என் ஆல்பத்தைப் பொறுமையாகக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

"கல்யாணப் பொண்ணுகளெ நல்லா எடுத்திருக்கறீங்க. ஆனா எங்க சரக்கு மேக்கப் போடாதுங்களே" என்றார்.

"பரவால்லீங்க சார். சித்தப்பா, பெரியப்பால்லாம் கூட நிக்க மாட்டாங்கல்ல."

வேலை கிடைத்துவிட்டது. 

வரதராஜ் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. திட்டுவதற்கும் அனுமதி கேட்பார். மேசைக்குப் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று, "தங்கவேலு, உங்களெக் கொஞ்சம் கோவிச்சுக்கலாம்ங்களா?" என்பார். "கோவிச்சுக்கோங்க சார்" என்று நாம் சொன்ன பிறகுதான் கோபப்படத் தொடங்குவார். அது ஒரு மரியாதை. எல்லோரும் அந்தப் பதிலையே சொல்வோம். ஒரே ஓர் ஆள் மட்டும் ஒருமுறை, "இன்னைக்கு வேண்டாமுங்க சார், வவுறு செரியில்லெ" என்று சொல்லிப் பார்த்தார். "செரிங்க" என்று வரதராஜ் சார் போய்விட்டார். மறுநாள் காலையில் வந்து, "இப்ப வவுறு எப்புடிங்க?" என்று விசாரித்துவிட்டுத் திட்டினார். அந்த ஆள் நான்தான்.

வேலைக்குச் சேர்ந்ததும் என்னையே லென்ஸ் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சின்னப் பொருளைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ், அறுபது, நூறு என இரண்டு கடையில் இருந்தன. நான் தீவிரமாக யோசித்தேன். நீள லென்ஸ் தூரத்தில் இருப்பதை எடுக்க. நம் சரக்கோ மேசைமேல் இருக்கிறது. பிறகு எதற்கு நூறு? இந்த ஆராய்ச்சியைக் கடைக்காரரிடமும் விளக்கினேன். அவர் பத்து விநாடி என்னைப் பார்த்துவிட்டு அறுபதை எடுத்துக் கட்டிக் கொடுத்தார். நல்ல மனிதர். வாடிக்கையாளரை எதிர்த்துப் பேசுவதில்லை.

அறுபதும் நூறும் பொருளை ஒரே அளவு பெரிதாகத்தான் காட்டும். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. முழு அளவுக்குப் பெரிதாக்கும்போது, அறுபதில் பொருள் லென்ஸின் மூக்குக்கு அடியிலேயே வந்துவிடும். நூறில் நடுவே இடம் கிடைக்கும். கை நுழையும், விளக்கு நுழையும், வெளிச்சம் நுழையும். பூச்சிக்காரர்களுக்கு அந்த இடம் பூச்சி பயப்படாமல் இருக்க. எனக்கு வெளிச்சம் உள்ளே வர. இது எனக்கு முதல் படத்திலேயே தெரிந்தது. கேமராவின் தலையிலிருந்த பிளாஷ் வெளிச்சத்தை லென்ஸே மறைத்து, டிராவலர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்திருந்தது.

வரதராஜ் சார் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது என்னங்க, கிரகணங்களா?"

நான் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. லென்ஸை மாற்றச் சொல்லாமல், லென்ஸின் முகத்தைச் சுற்றி மாட்டும் வட்ட விளக்கு ஒன்று வாங்கச் சொன்னேன். வந்தது. நிழல் போயிற்று. கூடவே மேடுபள்ளமும் போயிற்று. எல்லாப் பக்கமும் சமமாக வெளிச்சம் விழுந்தால் விரிசல் எங்கே, கீறல் எங்கே என்று தெரியாது. மாவு பூசிய முகம் மாதிரி இருக்கும். கல்யாணப் படத்தில் பழகிய கண்ணுக்கு அது ரொம்ப அழகாகத் தெரிந்தது. அப்படியே பல வருடம் ஓட்டிவிட்டேன்.

மற்றவற்றையும் விழுந்து எழுந்துதான் கற்றேன். எல்லாம் தெளிவாக வரட்டும் என்று லென்ஸின் துவாரத்தைக் கடைசி எண் வரை சுருக்கினேன். படம் முழுவதும் ஒரே சீராக மங்கியது. இரண்டு மூன்று படி திறந்த பிறகு சரியானது. லென்ஸைத் திருகித் திருகிக் கூர்மை தேடுவதை விட்டுவிட்டு, கேமராவை ஏற்றி இறக்கும் ஸ்டாண்டின் திருகை இம்மி இம்மியாக நகர்த்தக் கற்றேன். குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் டிராவலரைக் குத்தி நிறுத்துவேன். மின்விசிறியை அணைப்பேன். சோதனைக் கூடத்தில் எல்லோரும் வியர்த்துக்கொண்டு என்னை வாழ்த்துவார்கள். பக்கத்துக் கொட்டகையில் எஃகை அடித்து வளைக்கும் பவர் பிரஸின் ஒவ்வொரு அடிக்கும் மேசை அதிரும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் பொத்தானை அழுத்த வேண்டும். தாளம் போடுவதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்திருக்கிறார்கள்.

இனி ஆண்டனி.

ஆண்டனி எங்கள் உலைக்காரர். வால்பாறையில் தேயிலை எஸ்டேட் குடும்பம். மனைவி ஸ்டெல்லா அங்கேயே இலை பறிக்கும் வேலையில் இருந்தார். ஆண்டனி சிங்காநல்லூரில் அறை எடுத்துத் தங்கி, விடுமுறைக்கு விடுமுறை மலை ஏறுவார். அவர் பார்த்தது பொறுப்பான வேலை. டிராவலரைப் பதப்படுத்தும் உலையில் சூடு கொஞ்சம் கூடினால் எஃகு பதம் கெட்டு, ஓடும்போது தாங்காது. சூடு கூடிவிட்டதை நிறமே சொல்லும். எஃகின் மேல் முதலில் வைக்கோல் மஞ்சள் படரும், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, நீலம். எங்கள் உலையில் காற்றுப் புகாமல் பதப்படுத்துவதால் சரக்கு வெள்ளி மாதிரி வெளியே வர வேண்டும். நிறம் தெரிந்தால் உலைக்காரர் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் ஒரு மில்லிலிருந்து புகார் வந்தது. டிராவலர் போட்ட வேகத்தில் உடைகிறது என்றார்கள். பிரிக்காத பெட்டிகளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பெட்டி எண்ணைப் பார்த்ததில் அது ஆண்டனியின் ஷிப்ட்டில் வெந்த சரக்கு. கடினத்தன்மை சோதிக்க வெளியே ஒரு கூடத்துக்கு அனுப்பினோம். முடிவு வர நாளாகும். அதற்குள் படம் எடுக்கச் சொன்னார் வரதராஜ் சார்.

வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. படத்தில் தெரிந்தது. டிராவலரின் வளைந்த முதுகில் ஒரு வைக்கோல் மஞ்சள் திட்டு, அதன் நடுவே பழுப்பும் சிவப்புமாக ஒரு புள்ளி. பத்து டிராவலர் எடுத்தேன். பத்திலும் இருந்தது. மனிதக் கண்ணுக்குத் தெரியாததைக் கேமரா காட்டிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. படங்களைப் பெரிதாக அச்சடித்து வரிசையாக ஒட்டினேன். கல்யாண ஆல்பம் போட்ட கை. அட்டைக்கு ஜரிகை ஒட்டாததுதான் பாக்கி.

வரதராஜ் சார் ஆண்டனியைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆண்டனி கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். படங்களைப் பார்த்தார். "நான் சூட்டெக் கூட்டலீங்க சார்" என்றார்.

"படத்துல தெரியுதுங்களே ஆண்டனி."

வரதராஜ் சார் வருத்தத்தோடு கையைக் கட்டிக்கொண்டார். "உங்களெ வேலையெ விட்டு நிறுத்திப்போடலாம்ங்களா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு எங்கள் தொழிற்சாலையில் ஒரே பதில்தான் பழக்கம். ஆண்டனிக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

"நிறுத்திக்கோங்க சார்."

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் என்ன நடந்தது என்று புரிந்தது. ஆனால் இருவரும் மரியாதைக்காரர்கள். கேட்டதை அவர் திரும்பப் பெறவில்லை. சொன்னதை இவர் மாற்றவில்லை. ஆண்டனி கையுறைகளை மேசைமேல் ஜோடியாக வைத்துவிட்டுப் போனார். சரக்கைக் கெடுத்தவர் என்று வெளியே அனுப்பப்பட்ட உலைக்காரரை எங்கள் தொழிற்சாலை இருந்த ரோட்டில் வேறெந்தப் பட்டறையும் எடுக்காது. அது எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் அவர் வால்பாறை பஸ் ஏறிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். போனையும் அணைத்துவிட்டார்.

மறுநாள் ஒப்பிட்டுக் காட்டுவதற்காகப் போட்டிக் கம்பெனி டிராவலர் ஒன்றைப் படம் எடுத்தேன். அதிலும் அதே மஞ்சள், அதே புள்ளி. முதலில் சந்தோஷமாக இருந்தது. அவர்களும் கெடுத்திருக்கிறார்கள்! இதைச் சொல்ல எழுந்து பாதி தூரம் போன பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது. இரண்டு கம்பெனி உலைக்காரர்களும் ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரே மாதிரி எப்படிக் கெடுப்பார்கள்?

திரும்பி வந்து களிமண்ணைக் கால் சுற்றுத் திருப்பினேன். டிராவலர் திரும்பியது. மஞ்சள் திரும்பவில்லை. படத்தின் மேல்பக்கத்திலேயே நின்றது. இன்னொரு கால் சுற்று. அப்போதும் மேல்பக்கம். கறை எஃகில் இருந்தால் எஃகோடு சுற்ற வேண்டும். அப்படியே நின்றால் அது கறை இல்லை, எதனுடையதோ பிரதிபலிப்பு. பளபளப்பான வளைந்த எஃகு ஒரு குட்டிக் கண்ணாடி. தனக்கு எதிரே இருப்பதைத்தான் காட்டும். டிராவலருக்கு எதிரே, அறுபது எம்எம் லென்ஸின் புண்ணியத்தில் அதன் மூக்கை உரசும் அளவுக்கு, என்ன இருந்தது? வட்ட விளக்கு.

கேமரா கீழே பார்த்துத்தான் தொங்கும். விளக்கின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் மேசைமேல் கன்னத்தை வைத்து அண்ணாந்து பார்க்க வேண்டும். அப்படி யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். வட்டத்தின் உச்சியில், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜை அன்று சோதனைக் கூடத்தின் எல்லாச் சாமான்களுக்கும் வரதராஜ் சார்தான் பொட்டு வைப்பார். வேறு யாரையும் விட மாட்டார். தராசுக்கு, அளவுகோலுக்கு, கணினிக்கு, அதன் மவுஸுக்கு, கேமராவின் முதுகுக்கு. எல்லாவற்றையும் நானும் பார்த்தேன். இந்த வருடம் அவர் இவ்வளவு சிரத்தையாக விளக்கின் முகத்தைத் தேடிப் பிடித்து அதற்கும் வைத்திருப்பார் என்று தோன்றவில்லை.

அவர் அறைக்குப் போனேன்.

"சார், உங்களுக்கு ஒண்ணு காட்டலாம்ங்களா?"

"காட்டுங்க."

"சித்தெ குனியோணும்ங்க சார். கன்னத்தெ மேசைல வெக்கோணும்."

ஏன் எதற்கு என்று கேட்காமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குனிந்தார். கன்னத்தை வைத்தார். மேலே பார்த்தார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். பக்கத்துக் கொட்டகையில் பிரஸ் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் அவர் தலை லேசாகக் குலுங்கியது.

"நல்லா ரவுண்டாத்தான் வெச்சிருக்கறேன்" என்றார் கடைசியில்.

"ஆமாங்க சார்."

எழுந்து கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "நேத்து அந்தாளு கூட்டலேன்னு சொன்னாருங்க. நான் படத்தெ நம்பிப்போட்டேன்."

விளக்கைத் துடைத்துவிடலாமா என்று கேட்டேன். பூஜையில் வைத்த பொட்டைத் துடைப்பதா என்று தயங்கினார். தயங்கி, விளக்கையே கழற்றி இரண்டு கையாலும் ஏந்திப்போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நான் ஓய்வு பெறும் வரை அது அங்கேதான் இருந்தது. அதற்கும் வெள்ளிக்கிழமை பூ வைத்தார்கள்.

இப்போது விளக்கு இல்லை. பக்கவாட்டில் மேசை விளக்கு வைக்கலாம் என்றால், அறுபது லென்ஸுக்கும் டிராவலருக்கும் நடுவில் வெளிச்சம் நுழைய இடமில்லை. பல்லடம் ஸ்டுடியோக்காரரிடம் கல்யாண மோதிரம் எடுப்பதற்கு ஒரு நூறு எம்எம் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய் இரவல் வாங்கி வந்தேன். கேண்டீனில் காலி தயிர் கப் ஒன்று வாங்கி, அடியை வெட்டி, டிராவலரைச் சுற்றிக் கவிழ்த்தேன். கப்புக்கு வெளியே இடப்பக்கம் ஒரு விளக்கு, வலப்பக்கம் எட்டத்தில் இன்னொன்று. வெளிச்சம் கப்பின் வெள்ளையில் பரவி மெதுவாக உள்ளே வந்தது. பொத்தானை அழுத்தினேன்.

அதுவரை நான் டிராவலரைப் பார்த்ததே இல்லை என்று சொல்ல வேண்டும். முதுகின் வளைவு, கம்பியை இழுத்த மெல்லிய கோடுகள், முனையின் மழுங்கல் எல்லாம் தெரிந்தன. நிறம் ஒரே சீராக, தொடக்கம் முதல் முடிவு வரை வெள்ளி. ஆண்டனி சூட்டைக் கூட்டவில்லை. பின்னால் வந்த சோதனை முடிவும் அதையே சொன்னது. அந்த மில்லில் நூலின் பருமனுக்குப் பொருந்தாத அளவு டிராவலரைப் போட்டு ஓட்டியிருந்தார்கள்; அதனால்தான் உடைந்தது.

ஆனால் அதுவரை காத்திருக்க வரதராஜ் சாருக்கு மனம் வரவில்லை. ஆண்டனியின் போன் இன்னும் அணைந்தே கிடந்தது. "நாமளே போயிட்டு வந்தரலாம்ங்களா?" என்றார். காரில் புறப்பட்டோம். நான் மடிக்கணினியோடு பின்சீட்டில். அவருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது என்பது ஆழியாறு தாண்டி மூன்றாவது வளைவில் தெரிந்தது. அதற்குப் பிறகு ஓரிரு வளைவுக்கு ஒருமுறை காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் டிரைவரிடம், "கொஞ்சம் நிறுத்திக்கலாம்ங்களா?" என்று கேட்டார். குரங்குகள் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் வணக்கம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஆண்டனி வீட்டைக் கண்டுபிடித்தபோது அவர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடாரியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க சார்" என்றார். அவ்வளவுதான். ஸ்டெல்லா பாயை விரித்தார். வெளிறிப்போன மேலாளரைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் மடிக்கணினியைத் திறந்து படங்களைக் காட்டினேன். டிராவலரைக் கால் கால் சுற்றாகத் திருப்பியதையும், மஞ்சள் அப்படியே நின்றதையும் காட்டினேன். பிறகு தயிர் கப் படம். ஆண்டனி அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"நல்லாத்தானே வெந்திருக்குது" என்றார் மெதுவாக.

"அப்ப அந்த மஞ்சளும் செவப்பும் என்னதுங்க?" என்றார் ஸ்டெல்லா.

"பொட்டுங்க. பூஜைக்கு லைட்டுல வெச்ச பொட்டு" என்றேன்.

"யாரு வெச்சது?"

நான் கூரையைப் பார்த்தேன். தகரக் கூரை. நன்றாகப் போட்டிருந்தார்கள்.

"நான் வெச்சதுங்க அம்மணி" என்றார் வரதராஜ் சார்.

ஸ்டெல்லா கணவரைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார். "எங்கூட்டுக்காரரு பொறந்ததுல இருந்து நெத்தீல பொட்டு வெச்சதில்லீங்க. அவரெத் தேடிப் புடிச்சுப் பொட்டு வெச்சு உட்டிருக்கறீங்களே" என்றார்.

முதலில் சிரித்தது ஆண்டனிதான். பிறகு டிரைவர். வரதராஜ் சார் சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆண்டனி, நான் தப்புப் பண்ணிப்போட்டனுங்க. எல்லார்த்து முன்னாலயும் வந்து சொல்றேன். நீங்க வேலைக்கு வந்தரோணும்."

ஆண்டனி விரலில் ஒட்டியிருந்த விறகுத் தூளைத் தட்டினார்.

"அன்னைக்கு நிறுத்திப்போடலாமான்னு கேட்டீங்க, செரின்னு சொல்லிப்போட்டனுங்க. பஸ்ஸுல வாரப்ப முழுக்க அதே நெனப்புங்க சார். வேண்டாம்னு ஒரு வார்த்தெ சொல்ல வரலியேன்னு. இன்னைக்கு வரச் சொல்றீங்க. இதுக்கும் ஒடனே செரின்னா, நான் எதுக்குமே செரிங்கற ஆளுன்னு ஆயிருமுங்க. ஒருக்கா வேண்டாம்னு சொல்லிப் பாக்கறனுங்க."

"சொல்லுங்க" என்றார் வரதராஜ் சார்.

"வேண்டாமுங்க சார்."

ஸ்டெல்லா அடுப்புப் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். வரதராஜ் சார் தலையைக் குனிந்துகொண்டார். நான் மடிக்கணினியை எதற்கென்று தெரியாமல் மூடினேன்.

ஆண்டனி ஒரு பெருமூச்சு விட்டார். ரொம்ப நாளாக இறுகிக் கிடந்த திருகு ஒன்று கழன்றதுபோல முகம் தளர்ந்தது.

"செரி, சொல்லியாச்சு. பையெ எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனார்.

மலை இறங்கும்போது ஆண்டனி முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த வரதராஜ் சார், ஆழியாறு வரும்வரை யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்கவில்லை.